கடலும் காவலும்

துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பலை உற்று நோக்குவோர், அதன் விலாப்புறத்தின் நடுவே ஒரு வட்டம் வரையப்பட்டிருத்தலைக் காண்பர். அவ்வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு செல்லும். அதற்கு அருகே ஏணிப்படிகள் போலச் சிறு கோடுகள் சிலவும், அவற்றின் பக்கத்தில் ஓரிரண்டு எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். சென்னையில் நிற்கும் கப்பலாயினும் சரி, தூத்துக்குடியிலோ கொழும்பிலோ நிற்பதாயினும் சரி, அயல்நாடுகளுக்குச் சென்று வரும் சரக்குக் கப்பலாயின் இக்குறி அதில் இருந்தே தீரும். வட்டத்தின் குறுக்களவு 300 மில்லிமீட்டர். கோட்டின் நீளம் 450 மில்லிமீட்டர். எந்த நாட்டுக் கப்பலிலும் இவ்வளவில் மாற்றமில்லை.

இஃது அழகு கருதி எழுதப்பட்டதன்று. கப்பலில் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதற்கு இதுவே எல்லை. பாரம் ஏற ஏறக் கப்பல் நீரில் அமிழும். உரிய கோடு நீரைத் தொட்டவுடன் ஏற்றுதலை நிறுத்திவிட வேண்டும். பக்கத்திலுள்ள சிறு கோடுகளுக்கும் பொருள் உண்டு. ஒரு கன மீட்டர் நன்னீரின் நிறை 1,000 கிலோகிராம் எனின், அதே அளவு கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோகிராம் நிறை உடையது. ஆதலின் ஆற்றுத் துறையில் பாரம் ஏற்றிய கப்பல் கடலுக்குள் புகுந்ததும் சிறிது மேலெழும். அவ்வளவுக்கு நன்னீரில் கூடுதலாக அமிழலாம் என்று ஒரு கோடு காட்டுகின்றது. வெப்பமண்டலக் கடலுக்கு ஒரு கோடு உண்டு, வேனிற்காலத்திற்கு ஒன்று, குளிர்காலத்திற்கு ஒன்று. எல்லாவற்றிற்கும் கீழே இருப்பது வட அட்லாண்டிக் கடலின் குளிர்காலக் கோடு. அக்கடலில் அப்பருவத்தில் எழும் புயலைக் கருதி, சிறிய கப்பல்கள் அங்கே குறைந்த பாரத்துடனேயே செல்ல வேண்டும் என்று விதித்துள்ளனர்.

இந்தக் கோடு கப்பலின் விலாவில் ஏறுவதற்கு ஒருவர் பட்ட பாடு பெரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடல் வாணிகம் பெருகிற்று. வாணிகம் பெருகவே பேராசையும் பெருகிற்று. பலகை உளுத்த பழங்கப்பல்களிலும் சிலர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினர். கப்பலுக்கும் சரக்கிற்கும் காப்பீடு செய்திருந்தமையால் அவர்களுக்கு அச்சமில்லை. கப்பல் கரை சேர்ந்தால் சரக்கின் ஊதியம் உண்டு. மூழ்கினால் காப்பீட்டுத் தொகை உண்டு. இழப்பெல்லாம் மாலுமிக்கும் அவன் மனைவி மக்களுக்குமே. பணியாற்ற ஒப்பந்தம் செய்த மாலுமி, கப்பலின் நிலை கண்டு அஞ்சி ஏற மறுத்தால், ஒப்பந்தத்தை மீறினான் என்று அவனைச் சிறையில் இட்டனர். சிறைக்கஞ்சிக் கடலுக்குப் போனவர் பலர். கடலுக்கஞ்சிச் சிறைக்குப் போனவரும் பலர். அக்கப்பல்களுக்கு மக்கள் இட்ட பெயர் ‘சவப்பெட்டிக் கப்பல்கள்’ என்பது.

சாமுவேல் பிளிம்சால் என்பவர் 1824ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரில் பிறந்தவர், நிலக்கரி வணிகர். ஒரு காலத்தில் வணிகம் நொடித்து, லண்டன் நகரில் ஏழைகளுள் ஓர் ஏழையாய் வாழ்ந்தார். ஏழைத் தொழிலாளரின் துயரை அவர் நூலில் படித்து அறியவில்லை. உடன் வாழ்ந்து அறிந்தார். 1868ஆம் ஆண்டில் டெர்பி நகரின் சார்பில் பாராளுமன்ற உறுப்பினரான பின், மாலுமிகளின் வழக்கைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். 1873இல் ‘நம் மாலுமிகள்’ என்னும் பொருள்படும் பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். கப்பல் முதலாளிகள் சிலர் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தனர். ஆயினும் மக்கள் உள்ளம் அவர்பால் திரும்பிற்று.

அரசாங்கம் ஒரு மசோதாவைக் கொணர்ந்தது. கொணர்ந்ததைக் கைவிடவும் முனைந்தது. 1875 ஜூலை 22ஆம் நாள் தலைமை அமைச்சர் டிஸ்ரேலி அம்மசோதா அவ்வாண்டில் நிறைவேறாது என்று அறிவித்தார். பிளிம்சால் கொதித்தெழுந்தார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் முதலாளிகள் அவையிலேயே உள்ளனர் என்றும், அவர்கள் கயவர்கள் என்றும் உரத்துக் கூறினார். அவைத் தலைவர் அவரை வெளியேறப் பணித்தார். சில நாட்களுக்குப் பின் பிளிம்சால் அவையின் ஒழுங்கை மீறியதற்கு வருத்தம் தெரிவித்தார். அதற்குள் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்துவிட்டது. அரசாங்கம் இறங்கி வந்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் பாரக்கோட்டைக் கட்டாயமாக்கிற்று.

ஆனால் அச்சட்டத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கோடு வரைய வேண்டும் என்றதே ஒழிய, எவ்விடத்தில் வரைய வேண்டும் என்பதை அது முதலாளியின் விருப்பத்திற்கே விட்டுவிட்டது. வேலியைப் பயிர் மேயும் மாட்டின் பொறுப்பில் விட்டாற்போன்ற சட்டம் அது. கார்டிஃப் துறையில் கப்பல் தலைவர் ஒருவர் அக்கோட்டைப் புகைபோக்கியின்மேல் தீட்டினார் என்று ஒரு கதை வழங்குகின்றது. 1890இல் பிறந்த சட்டமே கோட்டின் இடத்தை அரசாங்கம் வரையறுக்கும்படி செய்தது. பதினான்கு ஆண்டுகள் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்க நேர்ந்தது.

இங்கிலாந்தின் சட்டம் இங்கிலாந்தின் கப்பல்களை நெறிப்படுத்தலாம். நடுக்கடலில் பிறநாட்டுக் கப்பல்களை அது கட்டுப்படுத்த இயலாது. ஒரு நாடு மட்டும் குறைந்த பாரம் ஏற்றினால் அதன் வாணிகம் பிறநாட்டாரிடம் போய்விடும் என்று முதலாளிகள் முறையிட்டனர். அம்முறையீட்டில் உண்மையும் இல்லாமலில்லை. நடுக்கடல் எவருக்கும் உரியதன்று. அங்கே மன்னனும் இல்லை, மணியகாரனும் இல்லை. எல்லாரும் நீர் முகக்கும் ஊர்க்குளத்திற்கு எல்லாரும் கூடியே கட்டுப்பாடு செய்துகொள்ள வேண்டும். பாரக்கோடு பற்றிய உலக உடன்படிக்கை 1930இல்தான் லண்டனில் கையெழுத்தாயிற்று. 1966இல் மற்றோர் உடன்படிக்கை அதன் இடத்தைப் பெற்றது.

நாடுகள் ஒன்றுகூடிச் செய்த உடன்படிக்கைகளில் அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. அதற்குக் காரணமாயிருந்தது டைட்டானிக் கப்பலின் அழிவு. 1912 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 11.40 மணிக்கு அக்கப்பல் பனிப்பாறையில் மோதிற்று; மறுநாள் அதிகாலை 2.20 மணிக்கு மூழ்கிற்று. கப்பலில் இருந்தோர் 2,200 பேருக்கு மேல். உயிர்காப்புப் படகுகளிலோ 1,178 பேருக்குத்தான் இடமிருந்தது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். இதில் வியப்பு யாதெனின், அக்கப்பல் இந்த வகையில் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதே. 10,000 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலுக்கு 16 படகுகள் போதும் என்பது அந்நாளைய விதி. டைட்டானிக் 46,000 டன்னுக்கு மேற்பட்டது. அதில் 20 படகுகள் இருந்தன. விதி கேட்டதற்கு மேல் நான்கு! கப்பல்கள் வளர்ந்தன, விதி வளரவில்லை.

அன்றிரவு வேறொன்றும் நிகழ்ந்தது. கலிஃபோர்னியன் என்னும் கப்பல் பனிக்கட்டிகளுக்கிடையே அருகில்தான் நின்றிருந்தது. அதில் இருந்த கம்பியில்லாத் தந்தியாளர் ஒருவரே. அவர் நாள் முழுதும் உழைத்துக் களைத்து, விபத்துக்குச் சிறிது நேரத்திற்கு முன் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். தொலைவில் சென்றுகொண்டிருந்த கார்ப்பேத்தியா கப்பலின் தந்தியாளரும் உறங்கப் போகும் நேரந்தான். ஆயினும் செவிக்கருவியை அவர் இன்னும் கழற்றவில்லை. அபாய அழைப்பு அவர் செவியில் விழுந்தது. அக்கப்பல் விரைந்து வந்து, படகுகளில் குளிரால் நடுங்கிய 700க்குச் சற்று மேற்பட்டவர்களை ஏற்றிச் சென்றது.

1914 ஜனவரி 20ஆம் நாள் பதின்மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கையெழுத்திட்ட உடன்படிக்கை இவ்விரு குறைகளையும் நோக்கியதாகும். கப்பலில் உள்ள ஒவ்வொருவருக்கும் படகில் இடம் வேண்டும்; பெரிய கப்பல்களில் தந்திக் கருவிக்கருகே இரவும் பகலும் காவல் வேண்டும்; வட அட்லாண்டிக்கில் மிதக்கும் பனிப்பாறைகளைக் கண்டு அறிவிக்கச் சுற்றுக்காவல் வேண்டும். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டமையால், குறித்த காலத்தில் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. அது 1929, 1948, 1960, 1974 ஆகிய ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் புதிதாக எழுதப்பட்டது. 1974இல் எழுதியதே, திருத்தங்களுடன், கடலில் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றிய தலையாய சட்டமாக இன்றும் விளங்குகின்றது.

இவற்றைப் பேணுவதற்கென ஐக்கிய நாடுகளின் சார்பில் ஒரு நிலையான அமைப்பு ஏற்பட்டது. அதனை நிறுவும் உடன்படிக்கை 1948இல் ஜினீவாவில் செய்யப்பட்டது. போதிய நாடுகள் சேர்ந்து அது நடைமுறைக்கு வந்தது 1958இல். இந்தியா 1959இல் அதில் உறுப்பினராயிற்று. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அவ்வமைப்பு 1982 முதல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு என்று வழங்குகின்றது. அது சட்டத்தை எழுதலாம். ஆனால் தனக்கென ஒரு காவற்படகும் இல்லை, ஒரு நீதிமன்றமும் இல்லை. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்டால்தான் அதன் எழுத்து உயிர்பெறும். ஏற்றுக்கொள்வதில் நாடுகள் காட்டிய சோம்பல் சொல்லுந்தரமன்று. 1960ஆம் ஆண்டு உடன்படிக்கையில் 1966 முதல் செய்த திருத்தங்கள் ஒன்றுகூட நடைமுறைக்கு வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு நாடுகள் எழுதித் தந்தால்தான் திருத்தம் செல்லும் என்று இருந்தமையே காரணம். ஆகவே 1974இல் முறையைத் தலைகீழாக்கினர். திருத்தத்தைக் குறித்த நாளுக்குள் போதிய நாடுகள் மறுத்துரைக்காவிட்டால், அது தானே சட்டமாகும். மௌனம் சம்மதம் என்னும் பழமொழி உலகச் சட்டத்தில் ஏறிய இடம் இது.

இதுவரை கூறியவை கடலிலிருந்து மனிதனைக் காப்பவை. மனிதனிடமிருந்து கடலைக் காக்கவேண்டிய நிலை எண்ணெய்க் கப்பல்களால் வந்தது. எண்ணெயை இறக்கிய கப்பல் வெறுங்கலமாய்ச் சென்றால் அலையில் தள்ளாடும். ஆதலால் எண்ணெய்த் தொட்டிகளிலேயே கடல்நீரை நிரப்பிச் செல்வர். அடுத்த துறைமுகத்தை அணுகும்போது, எண்ணெய்ப் பிசுக்கு கலந்த அந்நீரைக் கடலிலேயே இறைத்துவிடுவர். தொட்டிகளைக் கழுவிய நீரும் கடலுக்கே போகும். பெருவிபத்துகளால் கடலில் கலந்த எண்ணெயைக் காட்டிலும், இவ்வாறு நாள்தோறும் ஓசையின்றிக் கலந்ததே மிகுதி. 1954ஆம் ஆண்டு உடன்படிக்கை, கரையிலிருந்து பொதுவாக 50 மைல் எல்லைக்குள் இதனைத் தடை செய்தது. எல்லைக்கு அப்பால் இறைக்கத் தடையில்லை. காற்றும் நீரோட்டமும் அந்த 50 மைலை அறிந்தனவா?

1967 மார்ச் 18ஆம் நாள் டோரி கேன்யன் என்னும் எண்ணெய்க் கப்பல், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலுக்கும் சில்லித் தீவுகளுக்கும் இடையேயுள்ள ஏழுகல் பாறைத்தொடரில் மோதிற்று. மில்ஃபோர்டு ஹேவன் துறைமுகத்தை நீரேற்ற நேரத்திற்குள் அடைய வேண்டும் என்னும் விரைவில், கப்பல் தலைவர் குறுக்குவழியை மேற்கொண்டிருந்தார். கப்பலில் இருந்த குவைத்து எண்ணெய் ஏறத்தாழ 1,20,000 டன். அஃது இங்கிலாந்தின் கரையையும், கால்வாயைக் கடந்து பிரான்சின் பிரிட்டனிக் கரையையும் மூடிற்று. சிறகு ஒட்டிய கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் மாண்டன. இறுதியில் போர் விமானங்கள் குண்டு வீசிக் கப்பலில் எஞ்சிய எண்ணெயைக் கொளுத்தின.

எண்ணெயைக் கரைப்பதற்காகக் கடலிலும் கரையிலும் ஏறத்தாழ 10,000 டன் சலவை இரசாயனம் ஊற்றினர். நோயினும் மருந்து கொடிதாயிற்று. அது பாறைகளில் ஒட்டி வாழ்ந்த நத்தைகளையும் சிப்பிகளையும் கொன்றது. இரசாயனம் படாத பாறைகள் சில ஆண்டுகளில் பழைய நிலையை எய்தின. மிகுதியாக ஊற்றிய பாறைகள் மீளப் பத்தாண்டுகளுக்கு மேலாயின.

கரை கறுத்தபின் சட்டச் சிக்கல் எழுந்தது. கப்பல் பதிவாகியிருந்த நாடு லைபீரியா, அதன் உரிமை பெர்முடாவில் பதிவான ஒரு நிறுவனத்தினது, அந்நிறுவனத்தின் மூலமோ அமெரிக்காவில், மாலுமிகள் இத்தாலியர், ஏற்றி வரச்செய்தது ஆங்கில எண்ணெய் நிறுவனம், நாசமுற்ற கரைகள் இங்கிலாந்தினவும் பிரான்சினவும். யார்மீது வழக்குத் தொடுப்பது? எங்கே தொடுப்பது? மூழ்கிய கப்பலைப் பற்றிப் பிடிக்க வழியில்லை. ஆதலின் அதே உரிமையாளரின் மற்றொரு கப்பல் எத்துறைக்கு வருகின்றது என்று இங்கிலாந்து அரசாங்கத்தார் காத்திருந்தனர். சில மாதங்களுக்குப் பின் அக்கப்பல் சிங்கப்பூரை அடைந்தபோது, வழக்கறிஞர் ஒருவர் ஏறிச்சென்று அதன் பாய்மரக் கம்பத்தில் நீதிமன்ற ஆணையை ஒட்டினார். அதனாலேயே உரிமையாளர் வழிக்கு வந்தனர். 1969இல் இரு நாடுகளுக்கும் சேர்த்து 30 லட்சம் பவுன் கிடைத்தது. உலகின் இருபெரும் அரசுகள் நட்ட ஈடு பெற இவ்வாறு பதுங்கியிருந்து பாய வேண்டியிருந்தது எனின், எளிய நாடுகளின் நிலை எத்தகையதாக இருந்திருக்கும்!

அதே 1969இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் இரண்டு உடன்படிக்கைகள் பிறந்தன. பெருங்கேடு தன் கரையை நோக்கி வருமாயின், நடுக்கடலில் உள்ள அயல்நாட்டுக் கப்பலின்மீதும் ஒரு நாடு நடவடிக்கை எடுக்கலாம் என்றது ஒன்று. எண்ணெய்க் கப்பலின் உரிமையாளரே, தம் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும், ஒரு வரம்புவரை ஈடு செய்ய வேண்டும், அதற்குக் காப்பீடும் வைத்திருக்க வேண்டும் என்றது மற்றொன்று. 1973இல், கப்பல்களால் விளையும் மாசுகளை ஒருசேரத் தடுக்கும் பேருடன்படிக்கை எழுதப்பட்டது. 1978இல் திருத்தமுற்று, 1983 அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எண்ணெய், நச்சு நீர்மங்கள், பொதியிட்ட தீப்பொருள்கள், கழிவுநீர், குப்பை, புகை என்னும் ஆறும் இன்று அதன் ஆட்சிக்கு உட்பட்டவை. பிளாஸ்டிக்கைக் கடலில் எறிதல் எவ்விடத்தும் முற்றிலும் விலக்கு. கப்பலின் எரியெண்ணெயில் இருக்கத்தக்க கந்தகம் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு என்றிருந்தது 2020 முதல் அரைப் பங்காயிற்று. எண்ணெய்த் தொட்டியில் கடல்நீர் நிரப்பும் பழக்கம் ஒழிந்து, நீருக்கெனத் தனித் தொட்டிகள் வந்தன. 1989இல் எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காவின் கரையைக் கெடுத்தபின், 1992இல் செய்த திருத்தத்தால் புதிய எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டை உடற்சுவர் விதிக்கப்பட்டது.

இயந்திர அறையின் கசிநீரைக் கடலில் விடுவதற்கும் விதி உண்டு. பத்து லட்சம் பங்கு நீரில் எண்ணெய் 15 பங்குக்கு மேல் இருத்தல் கூடாது. அதைப் பிரித்தெடுக்கும் கருவி கப்பலில் இருக்க வேண்டும். செய்ததையெல்லாம் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். கருவியை இயக்கச் செலவும் காலமும் ஆகும். அதனால் சிலர் கருவியைச் சுற்றிக் கள்ளக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அழுக்கை நேரே கடலில் விடுவர். பதிவேட்டில் பொய் எழுதுவர். கடல்துறையினர் அதற்கு ‘மாயக் குழாய்’ என்று பெயரிட்டுள்ளனர். 2013இல் ஒரு பெரிய பயணிகள் கப்பலில் புதிதாய்ப் பணியேற்ற பொறியாளர் ஒருவர் அத்தகைய குழாயைக் கண்டார். அதனைப் படம் எடுத்துக்கொண்டு, இங்கிலாந்தின் துறையை அடைந்ததும் அதிகாரிகளிடம் அறிவித்துவிட்டு, அவ்வேலையையே விட்டு இறங்கினார். வழக்கு அமெரிக்காவில் நடந்து, 2016இல் அந்நிறுவனம் 4 கோடி டாலர் தண்டம் செலுத்த உடன்பட்டது. எத்தனை விதி எழுதினும், நள்ளிரவில் இயந்திர அறையில் நடப்பதை அங்கே நிற்பவனே அறிவான்.

விதியைக் கப்பல் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டிய முதற்பொறுப்பு அதன் கொடிக்குரிய நாட்டினது. ஆனால் வரியும் கட்டுப்பாடும் குறைந்த நாட்டின் கொடியைத் தேடிச் செல்லும் வழக்கம் கப்பல் முதலாளிகளிடையே நெடுநாளாய் உண்டு. பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் ஆகியவற்றின் கொடிகளே உலகக் கப்பல்களில் மிகுதியாய்ப் பறக்கின்றன. கடற்கரையே இல்லாத மங்கோலியாவின் கொடியுடனும் கப்பல்கள் செல்லுகின்றன! 1978இல் அமோகோ காடிஸ் என்னும் கப்பலின் சுக்கான் பழுதுற்று, 2,20,000 டன் எண்ணெய் பிரிட்டனிக் கரையில் கொட்டிய பின், ஐரோப்பிய நாடுகள் வேறு வழி கண்டன. எக்கொடியுடைய கப்பலாயினும், துறைக்கு வந்தால் துறைக்குரிய நாடே ஏறிச் சோதிக்கும். குறை கண்டால் அதனை நீக்கும்வரை புறப்பட விடாது. 1982இல் பாரிசில் செய்த இவ்வேற்பாட்டைப் பின்பற்றி, இந்துமாக்கடல் நாடுகளும் 1998இல் தமக்கென ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் இறங்கும் பொருள்களையும் ஏறும் பொருள்களையும் சோழர் அலுவலர் ஆராய்ந்து புலிமுத்திரை இட்டமையைப் பட்டினப்பாலை கூறும். அவர்கள் சுங்கத்திற்காகப் பார்த்தனர். இன்றைய அலுவலர் படகையும் பதிவேட்டையும் பாரக்கோட்டையும் பார்க்கின்றனர். துறையே காவலுக்கு ஏற்ற இடம் என்பதில் வேறுபாடில்லை.

அக்காவலின் எல்லையையும் அண்மைக் காலம் காட்டியது. 2017 ஜனவரி 28ஆம் நாள் எண்ணூர்த் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதின. கரையில் ஒதுங்கிய கரிய எண்ணெய்ச் சேற்றை மீனவரும் தொண்டர்களும் வாளிகளால் அள்ளினர். விதிகள் பல இருந்தும் கையில் இருந்தது வாளிதான்.

இதனினும் பெருந்துயர் இலங்கைக்கு நேர்ந்தது. 2021இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் புதிய சரக்குக் கப்பல் வந்துகொண்டிருந்தபோது, அதிலிருந்த ஒரு பெட்டகத்தில் நைட்ரிக் அமிலம் கசிவது தெரியவந்தது. கத்தார் நாட்டின் ஹமத் துறையிலும் குஜராத்தின் ஹசீரா துறையிலும் அப்பெட்டகத்தை இறக்க இடம் கேட்டனர். அதற்கான வசதி இல்லை என்பதே விடை. கசிவோடு கப்பல் கொழும்பை நோக்கிச் சென்றது. மே 20ஆம் நாள் கொழும்புக்கு அருகே தீப்பற்றிற்று. பல நாட்கள் எரிந்தது. ஜூன் 2ஆம் நாள் கடலில் அமிழத் தொடங்கிற்று. அதிலிருந்த 1,486 பெட்டகங்களுள் சிலவற்றில், பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்குரிய பருப்பளவான குருணைகள் ஏறத்தாழ 1,680 டன் இருந்தன. கோடிக்கணக்கான குருணைகள் அலையோடு கரையில் ஒதுங்கின. இறந்த ஆமைகளும் மீன்களும் அவற்றோடு ஒதுங்கின. மீனவர் பல மாதங்கள் தொழிலிழந்தனர்.

இடர்ப்பட்ட கப்பலுக்கு எந்தத் துறை இடமளிக்க வேண்டும் என்பது பற்றிச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2003இலேயே எழுதியிருந்தது. ஆயினும் அது வழிகாட்டும் நெறியே அன்றிக் கட்டளையன்று. இடமளிக்க மறுத்த துறைகள் எவ்விதியையும் மீறவில்லை. அந்தக் குருணைகளும், விபத்து நடந்தபோது, தீங்கு பயக்கும் சரக்குகளின் பட்டியலில் இல்லை. பெட்டகங்களை எவ்வாறு கட்டிப் பாதுகாத்து ஏற்ற வேண்டும் என்று 2024இல் அவ்வமைப்பு பரிந்துரைகளை வெளியிட்டது. 2025 ஜூலையில் இலங்கை உச்ச நீதிமன்றம், கப்பலுக்குரியோர் 100 கோடி டாலர் ஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலும் இலங்கையின் மேற்குக் கரையில் தொண்டர்கள் சல்லடையால் மணலைச் சலித்து, நான்காண்டுகளுக்கு முன் ஒதுங்கிய குருணைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர்.